படுவான்கரையும் படத்தின் அடுக்கும்

மட்டக்களப்பு வாவி, வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோரமாகக் கிடக்கின்றது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அப்பகுதி மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் பக்கம் ஒன்று. படும் பக்கம் மற்றொன்று. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி ஆகிய ஊர்கள் எழுவான்கரையைச் சார்ந்தன. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி ஆகியன படுவான்கரையைச் சார்ந்தன.

இக்கரை, அக்கரை என்னும் பொதுச் சொற்கள் தமிழில் இருக்க, இவ்விரு தனிச் சொற்கள் ஏன் வேண்டப்பட்டன? இக்கரையும் அக்கரையும் பேசுவோர் நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறுவன. மட்டக்களப்பு நகரின் பழைய பகுதியாகிய புளியந்தீவோ வாவியின் நடுவே அமைந்தது. அங்கு நின்று ஒருவர் 'அக்கரைக்குப் போ' என்றால், கேட்பவன் பாலத்தைக் கடந்து கல்லடிக்கும் போகலாம். எதிர்ப்புறமாக வவுணதீவுக்கும் போகலாம். 'படுவான்கரைக்குப் போ' என்றாலோ ஐயத்துக்கு இடமில்லை. சொன்னவர் எங்கே நின்று சொன்னார் என்பது தெரியாவிட்டாலும் அச்சொல் தன் பொருளைத் தானே சுமந்து செல்கின்றது.

இத்தகைய சொல்லின் தேவை, இக்காலத்தில் எதிர்பாராத ஒரு துறையில் எழுந்துள்ளது. கணினியிற் படமும் பக்கமும் வடிவமைக்கும் மென்பொருள்களை மனிதர் தம் கையால் இயக்குவதோடு, செயற்கை நுண்ணறிவு முகவர்களைக் கொண்டும் இயக்கத் தொடங்கியுள்ளனர். அம்முகவர்கள் கையாளும் கருவிகளுள் ஒன்று, படத்திலுள்ள அடுக்குகளின் வரிசையை மாற்றும் கருவி. பார்வைக்கு மிக எளியது. ஆயினும் அதற்கு விளக்கம் எழுதப் புகுந்தோர் பலர் இக்கரை அக்கரைச் சிக்கலிலேயே அகப்பட்டுக்கொள்கின்றனர்.

அடுக்கு என்பது யாது என்பதை முதலில் நோக்குவோம். கிடுகினாற் கூரை வேய்வோர் தாழ்வாரத்திலே தொடங்கி முகடு நோக்கி வரிசை வரிசையாக ஏறுவர். பின்னர் வைக்கும் வரிசை முன்னர் வைத்ததன் தலைப்பை மூடிக்கொள்ளும். அவ்வொழுங்கு பிறழாதவரை மழைநீர் உள்ளே ஒழுகாது வழிந்தோடும். கணினிப் படமும் இவ்வாறு ஒன்றன்மேலொன்றாகத் தீட்டப்படுவதே. எஸ்.வி.ஜி. எனப்படும் பட வடிவத்திலே, கோப்பிற் பின்னர் எழுதப்பட்ட உருவம் முன்னர் எழுதப்பட்ட உருவத்தை மூடி நிற்கும். 1994ஆம் ஆண்டில் வெளிவந்த போட்டோஷாப்பின் மூன்றாம் பதிப்பு, படத்தின் பகுதிகளைக் கண்ணாடித் தாள்கள் போன்ற தனித்தனி அடுக்குகளாக வைத்துக்கொள்ள வழி செய்தது. இன்று அவ்வசதியில்லாத வடிவமைப்பு மென்பொருள் அரிது.

வாழ்த்து மடலிலே அடுக்கு பிறழ்ந்தால் பூவொன்று எழுத்தை மறைக்கும், அவ்வளவே. வெள்ளப் படத்திலே பிறழ்ந்தால் விளைவு வேறு. 2011ஆம் ஆண்டு சனவரியில் இலங்கையின் கிழக்குப் பகுதியை மூழ்கடித்த வெள்ளத்தால் நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் பாதிப்புற்றனர். மட்டக்களப்பு மாவட்டம் மிகுதியும் துன்புற்ற மாவட்டங்களுள் ஒன்று. மாரிக் காலத்திலே படுவான்கரை வயல்களிலிருந்து இறங்கும் நீர் வாவியை நிறைப்பதும், மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவதும் அங்கு புதியன அல்ல. எந்த வீதி நீருக்குள் மூழ்கும், எந்தப் பாடசாலை மேட்டு நிலத்தில் உள்ளது என்பவற்றை ஒரே தாளிற் காட்டும் படம் அங்கு உயிரோடு தொடர்புடையது.

இதற்கு வேண்டிய தரவுகளும் ஓரளவு உள்ளன. 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் மேற்கொண்ட திட்டமொன்றின் வழி, மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள ஏறத்தாழ 30,000 கட்டடங்கள், மாடிகளின் எண்ணிக்கை, சுவர், கூரை முதலிய விவரங்களோடு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் எனப்படும் திறந்த உலகப் படத்திற் பதியப்பெற்றன. அத்தரவுகளை எடுத்து, ஊர் மக்கள் கூடும் மண்டபத்திலே ஒட்டத்தக்க ஒரு படத்தை ஒருவர் செய்கின்றார் எனக் கொள்வோம். தரை, வாவி, வீதி, கட்டடம், பெயர் என்னும் ஐந்து அடுக்குகள் ஒழுங்காக அமைந்துள்ளன. ஆறாவதாக வெள்ளப் பரப்பைச் சேர்க்கின்றார். புதிதாகச் சேர்த்த பொருள் எல்லாவற்றையும் மூடி நிற்பது இம்மென்பொருள்களின் வழக்கம். ஆதலின் நீல நிறம் வீதிகளையும் ஊர்ப்பெயர்களையும் விழுங்கிவிடுகின்றது. அவர் முகவரிடம், 'வெள்ளத்தை வீதிக்குக் கீழே வை' என்று எழுதுகின்றார்.

முகவர் என்பது ஆள் அன்று. மொழியைக் கையாளும் நிரலொன்றுடன் கருவிகளைப் பொருத்திய அமைப்பு. அது கட்டளையை வாசிக்கும். தன்னிடமுள்ள கருவிகளின் பட்டியலை நோக்கும். பொருத்தமான கருவியைத் தெரிந்து, அதற்குரிய விவரங்களை நிரப்பி அழைக்கும். வந்த விடையைக் கொண்டு அடுத்ததைத் தீர்மானிக்கும். 2024 நவம்பரில் வெளியிடப்பட்ட மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டொகோல் என்னும் பொது விதிமுறையின்படி, ஒவ்வொரு கருவியும் ஒரு பெயரையும், ஒரு விளக்கத்தையும், தனக்கு வேண்டிய உள்ளீடுகளின் வரையறையையும் முகவருக்கு அறிவிக்கின்றது. கருவியைப் பற்றி முகவர் அறிவது பெரும்பாலும் அவ்வளவே.

மனிதன் பொத்தானை அழுத்தியவுடன் திரையை நோக்குகின்றான். பிழையாயின் மறுகணமே மாற்றுகின்றான். ஆதலின் மனிதனுக்கு எழுதும் விளக்கம் ஓரிரு இடங்களில் மங்கலாயிருந்தாலும் கண் ஈடுசெய்துவிடும். முகவருக்கு அவ்வாறில்லை. அது படத்தைப் பொருள்களின் பட்டியலாகவே பெரும்பாலும் அறிகின்றது. படத்தின் நிழற்பிரதியை எடுத்து நோக்க வல்ல முகவர்களும் உண்டு. ஆயினும் முற்றாக மூடப்பட்ட பொருள் நிழற்பிரதியில் இராது. இல்லாத ஒன்றை நோக்கி 'இது இங்கே இருக்க வேண்டுமே' என்று ஐயுறுவதற்கு, அங்கு இருந்தது யாது என்பது முன்பே தெரிந்திருத்தல் வேண்டும்.

'வீதிக்குக் கீழே' என்ற கட்டளைக்குத் திரும்புவோம். தமிழில் மேல், கீழ் என்னும் சொற்கள் உயரத்தையும் குறிக்கும், திசையையும் குறிக்கும். மேல் என்பது மேற்கு. கீழ் என்பது கிழக்கு. மட்டக்களப்பிலே நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்வதால் இரு பொருளும் அங்கு ஒன்றோடொன்று இசைந்தே வருவது ஒரு சுவையான செய்தி. ஆனால் அச்சிட்ட நிலப்படத்திலோ தாளின் மேற்புறம் வடக்கு. ஆக, 'மேலே வை' என்றால் தாளின் தலைப்பக்கம் நகர்த்து என்றும் கொள்ளலாம். அடுக்கில் உயர்த்து என்றும் கொள்ளலாம். முகவர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தேயாக வேண்டும்.

முன், பின் என்னும் சொற்கள் இன்னும் இடர் விளைப்பன. அவை காலத்தையும் இடத்தையும் ஒருங்கே குறிக்கின்றன. அவ்விரண்டும் அடுக்கு விடயத்தில் நேர்மாறாக நிற்கின்றன. முன்னர் வரைந்தது பின்னே போகின்றது. பின்னர் வரைந்தது முன்னே நிற்கின்றது. 'வெள்ளத்தை வீதிக்கு முன் வரை' என்று ஒருவர் எழுதினால், காலப் பொருளில் வீதி தெரியும். இடப் பொருளில் வீதி மறையும். ஆங்கிலத்திலும் முன்னே கொண்டுவருதல், பின்னே அனுப்புதல், மேலே, அடியே என்பன கலந்து வழங்குகின்றன. ஆயினும் ஒரே சொல்லுக்குள் இரு எதிர்ப்பொருள் உறைதல் தமிழில் எழுதுவோர் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம்.

காரைதீவிற் பிறந்து, கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் வளர உழைத்த விபுலாநந்த அடிகள், 1930களில் சென்னையில் நடைபெற்ற அறிவியற் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர். வேதியியலுக்கும் தாவரவியலுக்கும் அன்று செய்யப்பட்ட அப்பணி, இவ்வடுக்குத் துறைக்கு இன்னும் செய்யப்படவில்லை என்றே சொல்லவேண்டும். செய்வதும் கடினமன்று. படத்துக்கு இரு எல்லைகள் உண்டு. ஒன்று, காண்போர் கண்ணுக்கு மிக அண்மையில் உள்ளது. மற்றொன்று, தாளோடு ஒட்டிக் கிடப்பது. முன்னதைக் கண்பக்கம் என்றும் பின்னதைத் தாள்பக்கம் என்றும் வழங்கினால், எழுவான்கரை படுவான்கரை போல அவை எந்நிலையிலும் பொருள் மாறா. 'வெள்ளம் வீதியின் தாள்பக்கம் இருக்க வேண்டும்' என்பதை இரு வகையாகப் பொருள்கொள்ள இயலாது.

சொல் தெளிவானாலும் எண் மயக்கம் தரும். வடிவமைப்போர் பலர் பயன்படுத்தும் பிக்மா என்னும் மென்பொருளிலே, திரையின் இடப்புறத்துப் பட்டியலிற் கண்பக்கத்துப் பொருள் முதலாவதாக நிற்கும். நிரல்கள் படிக்கும் உட்பட்டியலிலோ தாள்பக்கத்துப் பொருளே முதலாவது. இரண்டும் ஒரே மென்பொருளுக்குள் உள்ளவை. இரண்டும் தத்தம் நோக்கிற் சரியானவை. விளக்கம் எழுதுவோன் எந்தப் பட்டியலைக் கருதி எழுதினான் என்று கூறாவிட்டால் நேர்வது யாதென்று பார்ப்போம்.

தாள்பக்கத்திலிருந்து பூச்சியம் முதல் எண்ணினால், தரை 0, வாவி 1, வீதி 2, கட்டடம் 3, பெயர் 4, புதிதாக வந்த வெள்ளம் 5. வெள்ளத்தை எடுத்து 2ஆம் இடத்திற் செருகினால், அது வாவிக்கும் வீதிக்கும் இடையே அமரும், வேண்டியது அதுவே. முகவரோ கண்பக்கத்திலிருந்து எண்ணுவதாகக் கருதிக்கொள்கின்றது. வெள்ளத்தை எடுத்தபின் பெயர் 0, கட்டடம் 1, வீதி 2. அதற்கு அடுத்த இடம் 3. ஆகவே 3 என்று கருவிக்குக் கொடுக்கின்றது. கருவி தன் கணக்கின்படி வெள்ளத்தை 3ஆம் இடத்தில், அதாவது வீதிக்கும் கட்டடத்துக்கும் இடையே, செருகுகின்றது.

விளைவை நோக்குக. கட்டடங்கள் தெரிகின்றன, ஊர்ப்பெயர்கள் தெரிகின்றன, நீல நிறம் தன் இடத்தில் உள்ளது. படம் ஒழுங்காகவே தோன்றுகின்றது. வெள்ளம் பரவும் பகுதிகளில் வீதிகள் மாத்திரம் இல்லை. எல்லாம் மறைந்திருந்தால் பிழை உடனே புலப்பட்டிருக்கும். பாதி சரியான படமே கண்ணை ஏமாற்றுவது. அச்சாகி மண்டபத்துக்குச் சென்றபின் வழி தேடுபவன் கண்டுகொள்வான்.

இதனால், எண்ணைக் கேட்கும் கருவியைவிடத் துணைப்பொருளைக் கேட்கும் கருவியே மேலானது. 'எதனை, எதன் தாள்பக்கம்' என்று இரு பொருள்களின் அடையாளங்களைப் பெற்றுக்கொள்ளும் கருவியிலே எண்ணுதற்கே இடமில்லை. பொருளொன்றை வரிசையிலிருந்து எடுக்கும்போது அதற்கு அப்பாலுள்ளவற்றின் எண்கள் ஒவ்வொன்று குறைவதால், பல பொருள்களை அடுத்தடுத்து நகர்த்தும் முகவர் பழைய எண்களை நம்பிக் கெடுவதும் இதனாலே தவிர்க்கப்படும். எண்தான் வேண்டுமென்றால், எப்பக்கத்திலிருந்து எண்ணுவது, பூச்சியத்தில் தொடங்குவதா ஒன்றில் தொடங்குவதா, பொருளை எடுத்தபின் உள்ள நிலைக்கா எடுக்கும் முன்னர் உள்ள நிலைக்கா அவ்வெண் என்னும் மூன்றையும் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

'ஒரு படி நகர்த்து' என்பதும் பல கருவிகளில் உள்ள வசதி. மனிதனுக்கு அது இனியது. முகவருக்கு அது பொறி. கருவியை அழைத்தபின் இணைப்புத் தடைப்பட்டு விடை வராமற்போனால், முகவர் மறுபடியும் அழைக்கும். 'கண்பக்கத்து எல்லைக்குக் கொண்டுபோ' என்பதை இருமுறை சொன்னாலும் விளைவு ஒன்றே. 'ஒரு படி' என்பதை இருமுறை சொன்னால் இரண்டு படி. மேற்கூறிய பொது விதிமுறையின் 2025 மார்ச் பதிப்பு, ஒரு கருவியை மீண்டும் அழைத்தால் விளைவு மாறுமா மாறாதா என்று குறித்துக் காட்டுவதற்கு இடமளித்துள்ளது. ஆயினும் அக்குறிப்பு ஒரு சைகையே. விளக்கத்திலும் சொல்லிவிடுதல் நன்று.

இனி, எல்லை. படத்திலுள்ள பொருள்கள் சட்டகங்களுக்குள் அடங்கியிருக்கும். குறிவிளக்கப் பெட்டி ஒரு சட்டகம். நிலப்படம் இன்னொரு சட்டகம். பெட்டிக்குள் இருக்கும் ஓர் அடையாளத்தைக் கண்பக்கத்து எல்லைக்குக் கொண்டுபோகச் சொன்னால், அது தன் பெட்டிக்குள்ளே முதன்மை பெறுமேயன்றி, பெட்டியையே மூடி நிற்கும் நிலப்படத்தைத் தாண்டி வாராது. முகவர் கருவியை அழைக்கும். கருவி 'முடிந்தது' என்னும். பொருளோ மறைந்தே இருக்கும். பிக்மாவிலே தானே ஒழுங்குபடும் சட்டகங்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. பாடசாலை, வைத்தியசாலை, கோயில், பள்ளிவாசல் என்னும் அடையாளங்கள் ஒரு வரிசையாக அங்கு அமைந்திருந்தால், பட்டியலிலுள்ள முறையே தாளிலுள்ள இடத்தையும் தீர்மானிக்கும். அடுக்கை மாற்றினால் அடையாளம் இடம் பெயர்ந்து, வைத்தியசாலையின் பெயருக்கு நேரே கோயிலின் சின்னம் நிற்கவும் கூடும்.

இவற்றையெல்லாம் உட்கொண்ட விளக்கம் எவ்வளவு நீளும் என்று அஞ்ச வேண்டியதில்லை. மாதிரியொன்று வருமாறு:

'இக்கருவி, ஒரு பொருளை அதே சட்டகத்திலுள்ள வேறொரு பொருளுக்கு உடனடியாகக் கண்பக்கத்திலோ தாள்பக்கத்திலோ வைக்கும். கண்பக்கம் என்பது மற்றவற்றை மூடும் பக்கம். தாள்பக்கம் என்பது மூடப்படும் பக்கம். இரு பொருள்களும் ஒரே சட்டகத்தில் இல்லாவிட்டால் எதையும் மாற்றாது காரணத்தைக் கூறும். பொருள் ஏற்கெனவே கேட்ட இடத்தில் இருந்தால் மாற்றமின்றி வெற்றியென அறிவிக்கும்; ஆதலின் மீண்டும் அழைப்பதால் தீங்கில்லை. தானே ஒழுங்குபடும் சட்டகத்தில் பொருளின் இடமும் மாறும். விடையில் அதைத் தெரிவிக்கும். விடையாகச் சட்டகத்தின் முழு வரிசையையும் தாள்பக்கத்திலிருந்து கண்பக்கம் வரை பெயர்களோடு தரும். பொருளைப் பக்கவாட்டில் நகர்த்துவதற்கு இக்கருவியைப் பயன்படுத்தற்க.'

இறுதி வரி மிகையென்று தோன்றலாம். ஆனால் 'மேலே வை' என்னும் கட்டளையை வடக்கே நகர்த்து என்று பொருள்கொள்ளும் முகவரைத் தடுப்பது அவ்வரியே. விடையில் முழு வரிசையையும் தருதலும் வீணன்று. 'முடிந்தது' என்ற ஒற்றைச் சொல்லைப் பெற்ற முகவர் முடிந்ததென்றே பயனருக்கும் சொல்லும். தரை, வாவி, வீதி, வெள்ளம், கட்டடம், பெயர் என்று வரிசை வந்தாலோ, வீதிக்குப் பின் வெள்ளம் நிற்பதைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும். பிழையைக் கண்ணுக்குப் பதிலாகச் சொல் காட்டுகின்றது.

இத்தகைய விளக்கத்துக்கு முன்மாதிரி முற்றிலும் இல்லாமலில்லை. 2004ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலே தொடங்கப்பெற்ற ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில், ஒன்றையொன்று கடக்கும் வீதி, ஆறு, பாலம் ஆகியவற்றுள் எது மேலே செல்வது என்பதைக் குறிக்க ஓர் அடுக்கு எண் உண்டு. அது வழக்கில் −5 முதல் 5 வரை அமையும். பாலத்துக்கு 1, சுரங்கவழிக்கு −1 என இடுவர். அவ்வெண் உயரத்தின் அளவன்று; ஒன்றையொன்று நோக்கிய நிலை மாத்திரமே. பாலம் தாண்டுகின்றது என்பதற்காக ஆறு முழுவதையும் −1 என்று குறிக்கலாகாது, பாலத்தை மட்டும் குறித்தாற் போதும் என்றும், படம் அழகாகத் தோன்றும்பொருட்டு எண்ணை மாற்றலாகாது என்றும் தன்னார்வலர்கள் விளக்கம் எழுதி வைத்துள்ளனர். உலகெங்கும் முகமறியாத பலர் ஒரே படத்தைத் திருத்துவதால், அவர்களும் முகவர்களைப் போலவே எழுதிய சொல்லை மாத்திரம் நம்பவேண்டியவர்களாயினர்.

கல்லடியில் 1924ஆம் ஆண்டு கட்டப்பெற்ற மனிங் சீமாட்டி பாலமும், அதன் அருகே 2013ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற புதிய பாலமும் வாவியைத் தாண்டுகின்றன. அவை ஒன்றையொன்று கடவாதனவாதலின், இரண்டும் 1 என்ற எண்ணையே பெறலாம், முரண்பாடில்லை. வெள்ளப் படத்திலோ இப்பாலங்கள் பெரும்பாலும் வீதி என்னும் அடுக்கிலேயே சேர்ந்திருக்கும். வெள்ளம் வீதியின் கண்பக்கம் வந்துவிட்டால் பாலங்களும் நீலத்துள் மறையும். காண்போர் பாலம் மூழ்கியதென்று கொள்வர். மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் வரும் வரை படுவான்கரை மக்கள் அத்துறையில் ஓடத்தை நம்பியிருந்தனர். வெள்ள நாளில் எப்பாலம் திறந்துள்ளது என்பது அவர்களுக்குச் சிறு செய்தியன்று. தோற்றத்தின் வரிசை வேறு, தரவிலுள்ள உண்மை நிலை வேறு. ஆதலின் மேற்காட்டிய மாதிரி விளக்கத்தோடு இன்னும் ஒரு வரி சேர்க்கத்தக்கது: 'இக்கருவி படத்தின் தோற்ற வரிசையை மட்டுமே மாற்றும், நிலப்படத் தரவிலுள்ள அடுக்கு எண்ணைத் தொடாது.'